மூளைக் கட்டிக்கு நானோ மருந்து: திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகள்

மருந்து ஏற்றிய லைபோசோம்கள் செய்யும் ஆய்வகம் ஒன்றில் எனக்கு வேலை. நான் மருத்துவர் இல்லை. ஆனாலும் செய்தியில் 'நானோ' என்ற சொல் வந்துவிட்டால் மறுநாள் காலையிலேயே என் போன் அடிக்கத் தொடங்கிவிடும். கேட்பவர்களில் பாதிப் பேர், வீட்டில் யாருக்கோ கிளையோபிளாஸ்டோமா (வேகமாக வளரும் ஒரு கொடிய மூளைக் கட்டி) என்று பயாப்சி முடிவு வந்தவர்கள். மீதிப் பேர் மாணவர்கள். ஒரே பதிலை எத்தனை தடவைதான் சொல்வது என்று இதை எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன். இதைப் படித்துவிட்டு யாரும் சிகிச்சையை மாற்ற வேண்டாம். அது உங்கள் மருத்துவரோடு உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம்.

1. நானோதுகள்னா என்னங்க? சின்ன ரோபோ மாதிரி உள்ள போய் கட்டியைத் தேடுமா?

தேடாது. அதற்குக் கண்ணும் இல்லை, மோட்டாரும் இல்லை. ரத்தம் எங்கே தள்ளுகிறதோ அங்கே போகும். போகிற வழியில் எதிலாவது ஒட்டினால் ஒட்டும், இல்லையென்றால் சுற்றிக்கொண்டே இருக்கும். மருந்துக்குப் பயன்படும் துகள்கள் பெரும்பாலும் 10 முதல் 200 நானோமீட்டர் வரை. தலைமுடியின் தடிமன் சுமார் 80,000 நானோமீட்டர் என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

எங்கள் மேசையில் இருக்கும் லைபோசோம் கொழுப்பால் ஆன ஒரு குமிழி. 100 நானோமீட்டர் துளைகள் உள்ள சவ்வு வழியாகக் கரைசலைத் திரும்பத் திரும்ப அழுத்தித் தள்ளுவோம். முதலில் பால் போலக் கலங்கி இருக்கும். பத்து தடவை தள்ளியபின் விளக்கு வெளிச்சத்தில் லேசாக நீலம் ஓடும். அப்போதுதான் துகள்கள் சிறிதாகிவிட்டன என்று மனசுக்குள் ஒரு நிம்மதி. டாக்ஸோரூபிசின் என்ற புற்றுநோய் மருந்தை ஏற்றினால் நீலம் போய்ச் சிவப்பாகிவிடும். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால் மருந்து உள்ளே படிகமாகி, ஒவ்வொரு குமிழியும் நடுவில் கோடு போட்ட காப்பிக் கொட்டை மாதிரி தெரியும். ஒரு கொட்டைக்குள் 10,000 மூலக்கூறுகளுக்கு மேல் அடங்கும். லைபோசோம் தவிர பாலிமர், ஆல்புமின் புரதம், தங்கம், இரும்பு ஆக்சைடு என்று பல வகைத் துகள்கள் உண்டு.

2. மூளைக்கும் ரத்தம் போகுதே. கீமோ மருந்து ரத்தத்துலதானே கலக்குது? அப்புறம் மூளைக்கு மட்டும் ஏன் போகாது?

ரத்தக் குழாய் வரை போகும். குழாயை விட்டு வெளியே வர முடியாது. உடம்பின் மற்ற இடங்களில் நுண்குழாய்ச் சுவரின் செல்களுக்கு நடுவே சின்னச் சின்ன இடைவெளிகள் உண்டு. மூளையில் அந்தச் செல்கள் இறுக்கமாகப் பூட்டிக்கொண்டு நிற்கின்றன. மூளைக்குள் ஓடும் நுண்குழாய்களை நீட்டி வைத்தால் சுமார் 600 கிலோமீட்டர் வரும். அவ்வளவு நீளமும் இந்தப் பூட்டுத்தான். இதைத்தான் ரத்த-மூளைத் தடுப்பு என்கிறோம்.

கண்டுபிடித்த கதை எனக்குப் பிடித்தது. 1885-இல் பால் எர்லிக் விலங்குகளின் ரத்தத்தில் சாயம் ஏற்றினார். உடம்பெல்லாம் நிறம் பிடித்தது, மூளை மட்டும் வெளுப்பாகவே இருந்தது. மூளைக்கு அந்தச் சாயம் ஒட்டாது போலிருக்கிறது என்று அவர் விட்டுவிட்டார். 1913-இல் அவருடைய மாணவர் எட்வின் கோல்ட்மன் அதையே திருப்பிப் போட்டார். சாயத்தை மூளைத் தண்டுவட நீரில் செலுத்தினார். இப்போது மூளை நிறம் பிடித்தது, உடம்பு பிடிக்கவில்லை. ஆக, நடுவே ஏதோ ஒன்று மறிக்கிறது.

பூட்டு மட்டும் இல்லை. தப்பித் தவறி உள்ளே நுழைந்த மருந்தைப் பிடித்து மறுபடி ரத்தத்துக்கே தள்ளிவிடும் பம்புகளும் அந்தச் செல்களில் இருக்கின்றன. பி-கிளைக்கோபுரோட்டீன் அதில் பேர்போனது. டாக்ஸோரூபிசின் போன்ற நல்ல மருந்துகள் பல இதனிடம்தான் தோற்கின்றன.

3. அப்போ எங்கப்பாவுக்கு டெமோசோலமைடு மாத்திரை குடுக்குறாங்களே, அது மட்டும் எப்படிப் போகுது?

அது மிகச் சின்ன மூலக்கூறு, 194 டால்டன்தான் (டால்டன் என்பது மூலக்கூறின் எடையை அளக்கும் அலகு). சுமார் 400 டால்டனுக்குக் கீழே, கொழுப்பிலும் கரையக்கூடியதாக இருந்தால் தடுப்பைத் தாண்ட ஓரளவு வாய்ப்பு உண்டு. டெமோசோலமைடு அப்படித் தாண்டுகிறது. அப்போதும் ரத்தத்தில் இருக்கும் அளவில் சுமார் ஐந்தில் ஒரு பங்குதான் மூளைத் தண்டுவட நீரில் தென்படும்.

2005-இல் வெளியான பெரிய ஆய்வில், கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள், அதாவது பாதிப் பேர் தாண்டிய காலம், 12.1 மாதம். டெமோசோலமைடும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு 14.6 மாதம். இரண்டு ஆண்டு தாண்டியவர்கள் 10.4 சதவீதத்திலிருந்து 26.5 சதவீதமாக உயர்ந்தார்கள். அதனால்தான் இன்றும் இதுவே அடிப்படைச் சிகிச்சை. கட்டிச் செல்களில் எம்ஜிஎம்டி என்ற பழுதுபார்க்கும் புரதம் அதிகம் இருந்தால் மருந்து செய்த சேதத்தை அது சரிசெய்துவிடும், பலன் குறையும். இந்தப் பரிசோதனை முடிவை அப்பாவின் கோப்பில் பார்த்து வையுங்கள். கடைசிக் கேள்வியில் அது மறுபடி வரும்.

4. சின்ன மருந்தே போகாத இடத்துல, அதைவிடப் பல மடங்கு பெரிய துகள் எப்படிப் போகும்? லாஜிக்கே இடிக்குதே!

எனக்கு வருகிற கேள்விகளிலேயே சிறந்தது இதுதான். இடுக்கு வழியாகப் போகாது, சரிதான். ஆனால் மூளைக்கும் இரும்பு வேண்டும், கொழுப்பு வேண்டும். அவற்றை ஏந்தி வரும் புரதங்களைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொள்ளும் ஏற்பிகள் அந்தச் சுவரில் இருக்கின்றன. இரும்பைச் சுமக்கும் டிரான்ஸ்ஃபெரின் வந்தால் செல் அதை ஒரு பை மாதிரி சுற்றி விழுங்கி மறுபக்கம் கொண்டுபோகும். துகளின் மேல் அந்தப் புரதத்தையோ, அதே ஏற்பியைப் பிடிக்கும் வேறொன்றையோ ஒரு சாவி மாதிரி ஒட்டிவிட்டால் துகளும் கூடவே போகும்.

1995-இல் யார்க் க்ராய்ட்டரின் குழு எலிகளில் இதைக் காட்டியது. டலார்ஜின் என்ற வலிநீக்கி மூளைக்குள் போனால்தான் வேலை செய்யும். ரத்தத்தில் வெறுமனே செலுத்தினால் எலிக்கு வலி குறையாது. பாலிமர் துகளில் ஏற்றி, மேலே பாலிசார்பேட் 80 என்ற சோப்பு போன்ற பொருளைப் பூசிச் செலுத்தினார்கள், வலி குறைந்தது. அந்தப் பூச்சில் ரத்தத்திலுள்ள கொழுப்பைச் சுமக்கும் ஒரு புரதம் தானாக வந்து ஒட்டிக்கொள்கிறது, அதை வைத்துத்தான் துகள் உள்ளே போகிறது என்று பிறகு விளங்கியது.

ஒரு சிக்கல் உண்டு. ஏற்பியை இறுகப் பிடித்தால் நல்லதுதானே என்று தோன்றும். இறுகப் பிடித்தால் துகள் மறுபக்கம் போய் இறங்க மறுக்கிறது, குழாய்ச் சுவரிலேயே தங்கிவிடுகிறது. கொஞ்சம் தளர்வாகப் பிடிப்பவைதான் அதிகம் தாண்டுகின்றன.

5. எம்ஆர்ஐ-ல மருந்து ஏத்தினதும் கட்டி பளிச்சுன்னு தெரியுது. அங்க தடுப்பு உடைஞ்சிடுச்சுன்னுதானே அர்த்தம்? அப்போ எல்லா மருந்தும் உள்ள போயிடுமே?

பளிச்சென்று தெரியும் இடத்தில் உடைந்திருக்கிறது, உண்மைதான். அந்தப் பகுதியைத்தான் அறுவை மருத்துவர் பெரும்பாலும் எடுத்தும்விடுகிறார். ஆளைக் கொல்வது அது இல்லை. கிளையோபிளாஸ்டோமா செல்கள் நல்ல மூளைக்குள் வேர் மாதிரி ஊர்ந்து போயிருக்கும். ஸ்கேனில் பளிச்சிடாத அந்த ஓரங்களில் தடுப்பு ஏறக்குறைய முழுசாக இருக்கிறது. கட்டி திரும்பி வரும்போது பெரும்பாலும் பழைய இடத்துக்கு 2 சென்டிமீட்டருக்குள்தான் வருகிறது.

எவ்வளவு தூரம் ஊர்கிறது என்பதற்கு ஒரு பழைய சாட்சி. 1928-இல் வால்ட்டர் டேண்டி என்ற அறுவை மருத்துவர், ஏற்கெனவே ஒரு பக்கம் செயலிழந்துபோன நோயாளிகளின் வலது பாதி மூளையையே எடுத்துப் பார்த்தார். அப்படியும் கட்டி திரும்ப வந்தது.

இந்தத் துறைச் செய்தி எதைப் படித்தாலும் நான் முதலில் தேடுவது இதைத்தான்: மருந்து கட்டியின் நடுவுக்குப் போனதா, ஓரத்துக்குப் போனதா? 'கட்டியை அடைந்தது' என்று மொட்டையாக எழுதியிருந்தால் பெரும்பாலும் நடுதான்.

6. ஊசியில போட்ட துகள்ல எவ்வளவு கட்டிக்குப் போகும்? பாதியாவது போகுமா?

2016-இல் ஒரு குழு, அதற்கு முந்தைய பத்து ஆண்டுகளின் விலங்கு ஆய்வுகளைத் திரட்டிக் கணக்குப் போட்டது. மூளைக் கட்டி மட்டுமல்ல, எல்லா வகைக் கட்டிகளும் அதில் அடக்கம். செலுத்திய துகளில் கட்டியைச் சேர்ந்தது இடைநிலையாக 0.7 சதவீதம். எண்ணைப் பார்த்து எங்கள் துறையே கொஞ்ச நாள் முகம் வாடிக் கிடந்தது.

மீதி எங்கே போகிறது? பெரும்பகுதி கல்லீரலும் மண்ணீரலும் பிடித்துக்கொள்ளும். அங்கே உட்கார்ந்திருக்கும் விழுங்கு செல்களுக்கு வேலையே அதுதான். சுமார் 6 நானோமீட்டருக்குக் கீழே இருந்தால் சிறுநீரகம் வடிகட்டி வெளியே விட்டுவிடும். அதோடு, ரத்தத்தில் இறங்கிய சில நிமிடங்களிலேயே துகள் மேல் புரதங்கள் மொய்த்துக்கொள்கின்றன. தண்ணீரில் 100 நானோமீட்டர் காட்டிய எங்கள் துகளை ஒருமுறை சீரத்தில் (ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த தெளிந்த நீரில்) போட்டு வைத்தோம். மறுநாள் அளந்தால் கருவி காட்டிய எண் எங்களுக்கே அடையாளம் தெரியவில்லை. நாம் ஒட்டி அனுப்பிய சாவியே இந்தக் கூட்டத்தில் புதைந்து போகலாம். பெக் என்ற பாலிமர் இழைகளை மேலே நட்டு வைப்பது இந்த மொய்ப்பைக் குறைக்கத்தான்.

ஒன்றையும் மறக்கக் கூடாது: சாதாரண மருந்தின் பெரும்பகுதியும் கட்டிக்குப் போவதில்லை. ஒப்பிட வேண்டியது அதோடுதான், நூறு சதவீதத்தோடு அல்ல.

7. இவ்வளவு சுத்துவழி எதுக்கு? மண்டையைத் திறக்கும்போதே மருந்தை உள்ள வெச்சுட்டா என்ன?

வைக்கிறார்கள். கார்முஸ்டின் என்ற கீமோ மருந்து ஏற்றிய சிறு வில்லைகள் 1996 முதல் அமெரிக்க அனுமதியோடு பயன்பாட்டில் உள்ளன. கட்டியை எடுத்த குழியின் சுவரில் 8 வில்லைகள் வரை பதித்து மூடிவிடுவார்கள். இரண்டு மூன்று வாரத்தில் கரையும். கூடிய ஆயுள் சராசரியாகச் சுமார் 2 மாதம். காரணம், மருந்து சில மில்லிமீட்டர் தூரம்தான் ஊறுகிறது. ஓரம் அதைத் தாண்டி இருக்கிறது என்பதை 5-இல் சொன்னேன்.

அடுத்த வழி, மெல்லிய குழாயைச் செருகி மிக மெதுவாக அழுத்தம் கொடுத்துத் திரவத்தைப் பாய்ச்சுவது. ஊறுவதைவிட இது தூரம் போகும். துகள் மூளைத் திசுவுக்குள் நகர முடியுமா என்ற சந்தேகம் நெடுநாள் இருந்தது. 2012-இல் வந்த ஓர் ஆய்வு, மேலே பெக் இழைகள் அடர்த்தியாக இருந்தால் 114 நானோமீட்டர் துகள்கூட நகர்கிறது என்று காட்டியது. இழை குறைந்தால் அதே அளவுத் துகள் அங்கங்கே ஒட்டி நின்றுவிடுகிறது.

8. காந்தத்தை வெச்சு துகளைக் கட்டிக்கு இழுக்குறாங்கன்னு ஒரு வீடியோ பார்த்தேன். நிஜமா?

இழுப்பது ஆய்வகத்தில் நடக்கிறது. மண்டைக்குள் ஆழத்தில் இருக்கும் கட்டிக்கு வெளிக் காந்தத்தின் பிடி போதாது. மனிதர்களுக்குச் செய்தது வேறு: சூடேற்றுவது. ஜெர்மனியில் உருவான நானோதெர்ம் முறையில் இரும்பு ஆக்சைடு துகள்களை நேராகக் கட்டிக்குள் செலுத்தி, மாறிக்கொண்டே இருக்கும் காந்தப் புலத்தில் தலையை வைப்பார்கள். துகள் சூடாகி, சுற்றியுள்ள செல்களைச் சுடும். 2010-இல் ஐரோப்பிய அனுமதி கிடைத்தது.

நடைமுறைத் தொல்லைகள் விளம்பரத்தில் வரவில்லை. காந்தப் புலத்தில் எந்த உலோகமும் சூடாகும் என்பதால் பல்லில் உலோக அடைப்பு இருந்தால் முன்கூட்டியே எடுக்க வேண்டும். உள்ளே தங்கிய இரும்பு எம்ஆர்ஐ படத்தைக் கெடுத்துவிடும், கட்டி வளர்கிறதா என்று வழக்கம்போலப் பார்க்க முடியாது. அதை நடத்திய நிறுவனமும் 2022-இல் திவால் மனு கொடுத்தது.

9. அந்தத் தடுப்பையே கொஞ்ச நேரம் திறந்து வெச்சா போதாதா?

எனக்கு இப்போது அதிக நம்பிக்கை தருவது இதுதான். ரத்தத்தில் நுண்குமிழிகளைச் செலுத்திவிட்டு மண்டைக்குள் அல்ட்ராசவுண்ட் பாய்ச்சினால், குமிழிகள் விரிந்து சுருங்கிக் குழாய்ச் சுவரைத் தட்டித் தட்டித் தளர்த்தும். 2015-இல் டொரண்டோவில் ஒரு மூளைக் கட்டி நோயாளிக்கு வெட்டு, தையல் எதுவும் இல்லாமல் இப்படித் திறந்தார்கள்.

2023-இல் வெளியான அமெரிக்க ஆய்வு நம் விஷயத்துக்கு நேரானது. கட்டி திரும்பி வந்த 17 பேருக்கு, மண்டையோட்டில் ஒன்பது அல்ட்ராசவுண்ட் முனைகள் கொண்ட கருவியைப் பொருத்தி, ஆல்புமின் நானோதுகளில் ஏற்றிய பேக்ளிடாக்சல் என்ற கீமோ மருந்தைக் கொடுத்தார்கள். அறுவையின்போது கட்டியைச் சுற்றிய மூளையிலிருந்து, அதாவது நாம் சொன்ன அந்த ஓரத்திலிருந்து, மாதிரி எடுத்துப் பார்த்தார்கள். அல்ட்ராசவுண்ட் பட்ட இடத்தில் மருந்து 3.7 மடங்கு அதிகம். திறந்த தடுப்பு பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் மூடிக்கொள்கிறது என்பதும் தெரிந்தது. ஆகவே மருந்தை எந்த நிமிடத்தில் ஏற்றுகிறோம் என்பதே ஒரு கலை. ஆனால் இது சிறிய, ஆரம்பக் கட்ட ஆய்வு. ஆயுள் கூடுமா என்பதைப் பெரிய ஆய்வுகள்தான் சொல்ல வேண்டும்.

10. 'எலிகளுக்கு மூளைப் புற்றுநோய் முழுசா குணம்'னு மாசத்துக்கு ஒரு செய்தி வருதே. ஏன் ஆஸ்பத்திரிக்கு வரவே மாட்டேங்குது?

எலியின் மூளை அரை கிராம்கூட இல்லை. மனித மூளை சுமார் 1,400 கிராம். எலியில் ஒரு மில்லிமீட்டர் ஊறினாலே பெரிய வெற்றி. இது ஒரு காரணம்.

இரண்டாவது காரணம் கொஞ்சம் சங்கடமானது. பல ஆண்டுகளாக அதிகம் பயன்பட்டது யு87 என்ற செல் வகை. அதை எலி மூளையில் வைத்தால் உருண்டையாக, ஓரம் தெளிவாக, ரத்தக் குழாய்கள் கசியக்கூடியதாக ஒரு கட்டி வளரும். மனிதக் கட்டியின் ஊர்ந்து பரவும் குணம் அதில் சரியாக வராது. அதாவது, கடினமான பகுதியை மட்டும் விட்டுவிட்டுத் தேர்வு எழுதிய கதை. போதாததற்கு 2016-இல், ஆய்வகங்களில் சுற்றி வந்த யு87 அது முதலில் எடுக்கப்பட்ட நோயாளியின் கட்டியோடு மரபணுவில் பொருந்தவில்லை என்றும் தெரியவந்தது. இப்போது நோயாளியிடமிருந்து நேராக எடுத்த செல்களை வைத்துச் செய்யும் ஆய்வுகள் கூடியிருக்கின்றன. எலிச் செய்தி வந்தால் எந்தக் கட்டி என்று பாருங்கள்.

11. மனுஷங்களுக்கு யாருக்காவது குடுத்துப் பார்த்திருக்காங்களா, இல்ல எல்லாமே எலிதானா?

கொடுத்திருக்கிறார்கள். 9-இல் சொன்னது ஒன்று. இன்னொன்று, தங்கத் துகளைச் சுற்றி ஆர்என்ஏ இழைகளை முள் மாதிரி நட்ட என்யு-0129. அமெரிக்காவில் 8 நோயாளிகளுக்கு அறுவைக்கு முன் ரத்தத்தில் ஏற்றினார்கள். எடுத்த கட்டியில் தங்கம் இருந்தது, பெரிய நச்சு விளைவு இல்லை. 2021-இல் முடிவு வெளியானது. கவனியுங்கள், 'போய்ச் சேர்ந்தது' என்பது மட்டுமே அந்த ஆய்வின் கேள்வி. குணமானதா என்று அதில் பார்க்கவில்லை.

பிரான்சில் உருவான ஆகுயிக்ஸ் என்ற, கடோலினியம் என்னும் உலோகம் கொண்ட துகள் இன்னொரு ரகம். அது மருந்தைச் சுமப்பதில்லை. கட்டியில் தங்கிக் கதிர்வீச்சின் அடியைப் பலப்படுத்துவது அதன் வேலை. மூளைக்குப் பரவிய புற்றுநோய் உள்ள 15 பேருக்கு முதலில் கொடுத்துப் பார்த்தார்கள். எம்ஆர்ஐ-யில் தானே தெரியும் என்பதால், போய்ச் சேர்ந்ததா என்று தனியாகச் சோதிக்க வேண்டாம். அந்தக் குணம் எனக்குப் பிடிக்கும்.

12. மத்த புற்றுநோய்க்கு நானோ மருந்து கடையிலயே இருக்காமே. அதையே மூளைக்கும் குடுக்கலாமே?

டாக்சில் என்ற லைபோசோம் டாக்ஸோரூபிசினுக்கு 1995-இலேயே அமெரிக்க அனுமதி கிடைத்தது. ஆல்புமின் பேக்ளிடாக்சல் 2005-இல் மார்பகப் புற்றுநோய்க்கு வந்தது. ஆனால் இவை மூளைத் தடுப்பைத் தாண்டுவதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. டாக்சிலில் 4-இல் சொன்ன சாவி கிடையாது. கசியும் நடுவுக்குக் கொஞ்சம் போகும், ஓரத்துக்குப் போகாது. 9-இல் உள்ள ஆய்வு இதே பழைய ஆல்புமின் பேக்ளிடாக்சலைத்தான் எடுத்தது, ஆனால் கதவைத் திறந்துவிட்டு.

13. நானோன்னா பக்கவிளைவே இல்லைன்னு சொல்றாங்களே?

இல்லை என்பது தவறு. இடம் மாறும் என்பதே சரி. டாக்ஸோரூபிசின் இதயத்தைப் பாதிக்கும். லைபோசோமுக்குள் வைத்தால் அது குறைகிறது. பதிலுக்கு, நீண்ட நேரம் ரத்தத்தில் சுற்றுவதால் உள்ளங்கையும் பாதமும் சிவந்து தோல் உரியும் தொல்லை கூடுகிறது. சிலருக்கு ஏற்றும்போதே முகம் சிவந்து மூச்சு முட்டும், அதனால்தான் முதல் டோஸை மெதுவாக ஏற்றுகிறார்கள்.

14. வேலை முடிஞ்சதும் துகள் எங்க போகும்? மூளையிலேயே தங்கிடுமா?

எதால் செய்தது என்பதைப் பொறுத்தது. கொழுப்பு, ஆல்புமின், கரையும் பாலிமர் என்றால் உடம்பு உடைத்துக்கொள்ளும். இரும்பு மெல்ல உடம்பின் இரும்புக் கணக்கில் சேரும், ஆனால் 8-இல் சொன்னதுபோல் கட்டிக்குள் நேராக நிறையச் செலுத்தினால் நெடுநாள் தங்கும். தங்கம் கரையாது. கல்லீரலில் நீண்ட காலம் இருக்கும்.

15. 'நானோ'ன்னு போட்டு காப்ஸ்யூல் விக்கிறாங்க, மூளைக் கட்டி கரையுமாம். வாங்கலாமா?

வேண்டாம். ரத்தத்தில் நேராக ஏற்றிய துகளே எந்தப் பாடு படுகிறது என்று 6-இல் பார்த்தோம். விழுங்கியது அதற்கும் முன்னால் வயிற்று அமிலம், குடல், கல்லீரல் எல்லாவற்றையும் தாண்ட வேண்டும். காசு போவதைவிடப் பெரிய கவலை, அது டெமோசோலமைடோடும் வலிப்பு மாத்திரைகளோடும் என்ன செய்யும் என்பது. ஏற்கெனவே வாங்கியிருந்தால் வெட்கப்படாமல் மருத்துவரிடம் டப்பாவையே காட்டுங்கள்.

16. அம்மாவுக்கு வீக்கத்துக்கு டெக்ஸாமெத்தசோன் குடுக்குறாங்க. அது தடுப்பை இறுக்கிடும்னு படிச்சேன். அப்போ மருந்து உள்ள போறதைக் கெடுக்காதா?

படித்தது சரி. அது ஒரு ஸ்டீராய்டு, கசியும் குழாய்களை இறுக்குகிறது. வீக்கம் குறைவதே அதனால்தான். கசிவை நம்பி நுழையும் துகளுக்கு அது பாதகமாகலாம், ஆகவே ஆய்வுகளில் ஸ்டீராய்டு அளவைக் குறித்துக்கொள்கிறார்கள், சிலவற்றில் உச்சவரம்பும் வைக்கிறார்கள். ஆனால் வீக்கம் மண்டைக்குள் அழுத்தத்தை ஏற்றினால் உயிருக்கே ஆபத்து. ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்துவதும் ஆபத்து. இந்தக் காரணத்துக்காக நீங்களாக ஒரு மாத்திரையைக்கூடக் குறைக்காதீர்கள்.

17. ட்ரையல்ல சேரலாமான்னு கேக்குறாங்க. என்ன பார்க்கணும், என்ன கேக்கணும்?

முதலில் எந்தக் கட்டம் என்று கேளுங்கள். முதல் கட்டம் என்றால் எவ்வளவு டோஸ் தாங்கும் என்று பார்ப்பதுதான் நோக்கம். உங்களுக்குப் பலன் கிடைக்கலாம், ஆனால் ஆய்வு அதற்காக வடிவமைக்கப்பட்டதல்ல. இதை ஒளிக்காமல் சொல்கிற குழுவை நான் நம்புவேன். அடுத்து, மருந்து ஓரத்துக்குப் போகிறது என்பதற்கு மனிதர்களில் என்ன ஆதாரம் என்று கேளுங்கள். கேள்வி அதிகப்பிரசங்கமாக இருக்குமோ என்று தயங்க வேண்டாம், நல்ல ஆய்வாளருக்கு இது பிடித்த கேள்வி. வழக்கமான சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டுமா, பிறகு எம்ஆர்ஐ எடுக்க முடியுமா, இதில் சேர்ந்தால் வேறு ட்ரையலுக்கான வழி அடைபடுமா என்பவற்றையும் எழுதிக் கேளுங்கள்.

சேர்வதோ இல்லையோ, பயாப்சி அறிக்கை, எம்ஜிஎம்டி முடிவு, எல்லா எம்ஆர்ஐ சிடிக்களும், ஸ்டீராய்டு எந்தத் தேதியில் எவ்வளவு என்ற குறிப்பும் ஒரே பையில் இருக்கட்டும். அறுவையில் எடுத்த திசுவின் மெழுகுக் கட்டை எந்த ஆய்வகத்தில் இருக்கிறது என்றும் கேட்டு வையுங்கள். ட்ரையல் குழுக்கள் அதைக் கேட்பது வழக்கம். அது எங்கே இருக்கிறது என்று தேடியே இரண்டு வாரத்தை விட்ட குடும்பங்களை எனக்குத் தெரியும்.